கொக்கியில் இல்லாத டோக்கன்

பிள்ளைகளே, உங்கள் மாமாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த சனம் எல்லாம் சத்தியவேடு பஸ்ஸைப் பிடித்துப் போன பிறகு, ரேஷன் கார்டு தேடுகிறேன் என்று என் டிரங்குப் பெட்டியைக் கிளறினீர்கள். அடியில் ஒரு பித்தளை வில்லை கிடைத்தது. மேல் ஓரத்தில் ஒரு ஓட்டை, நடுவில் உளியால் அடித்த 47 என்ற எண். "இது இன்னா நைனா?" என்று சின்னவள் கேட்டாள். பழைய பூட்டின் சாவியோடு இருந்த வில்லை என்று சொல்லி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அது பொய். அந்த வில்லை உங்கள் மாமாவுடையது. இத்தனை வருஷம் அது என்னிடம் இருந்ததே நான் அவருக்குச் செய்த துரோகத்தில் பாதி. மீதிப் பாதியை இதில் எழுதுகிறேன். நீங்கள் தெலுங்கில் படித்தவர்கள், என் தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பீர்கள். மெதுவாகவே படியுங்கள். எழுதுவதும் மெதுவாகத்தான் வருகிறது.

உங்கள் அம்மாவின் அண்ணன் அவர். எனக்கு மச்சான், அவருக்கு நான் மாப்ள. நம்ம பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். வெல்டிங் பழகியிருந்த அவர் முதலில் போனார். நான் சித்தூர்ப் பக்கம் கல் குவாரியில் ரெண்டு வருஷம் துளை போடுகிற மிஷினைப் பிடித்துக்கொண்டிருந்தவன். கல்யாணம் ஆன மூன்றாம் மாதம் என்னையும் அங்கே கூப்பிட்டுக்கொண்டார். கப்பல் ரிப்பேர் செய்கிற யார்டு. எந்த நாடு, எந்தத் துறைமுகம் என்று எழுத மாட்டேன். நடந்ததை வெளியே பேச மாட்டோம் என்று எங்கள் எல்லோரிடமும் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அந்தக் காகிதம் இன்னும் எங்கேயாவது இருக்குமோ என்று எனக்கு இப்போதும் பயம்தான்.

முதலில் நம்ம ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் தாத்தா காலத்தில் நமக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. கால்வாய் வெட்டுகிற வேலைக்கு வீட்டோடு போவோம். காலையில் மேஸ்திரி ஆளுக்கு ஒரு தகர வில்லை கொடுப்பார். சாயங்காலம் அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் அன்றைக்கு நாம் வந்த கணக்கு. வேலை முடிந்ததும் எல்லோரும் வரிசையில் நிற்க மாட்டோம். வீட்டில் ஒருவர் எல்லார் வில்லையையும் வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பார், மற்றவர்கள் தண்ணீரில் இறங்கிச் சேறு கழுவுவார்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. அஞ்சு வில்லையையும் ஒரே பிடியில் அள்ளுவேன். அள்ளிப் பழகிய கை இது.

யார்டிலும் வில்லை உண்டு. பித்தளை டோக்கன். கப்பலின் அடியில் மூடிய அறைகள் நிறைய இருக்கும். ஆள் ஒருவன் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு வாய், அதற்கு இரும்பு மூடி. உள்ளே இறங்குகிறவன் வாய் ஓரத்தில் இருக்கும் பலகைக் கொக்கியில் தன் டோக்கனை மாட்ட வேண்டும், மேலே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஒரு காவல் ஆள் நிற்பான். கொக்கியில் டோக்கன் இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான். கொக்கி காலியென்றால் அறை காலி, மூடலாம். அவனவன் டோக்கனை அவனவன் கையால்தான் எடுக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

அந்தத் துறைமுகத்தின் மேல் தாக்குதல் நடந்த அன்று விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நாங்கள் தங்கியிருந்த கேம்பில் பல் விளக்கிக்கொண்டு இருந்தேன். தூரத்தில் தொம் தொம்மென்று மூன்று சத்தம். குவாரியில் இருந்த புத்தி, வெடி வைக்கிறார்கள் என்று நினைத்துத் தொடர்ந்து விளக்கினேன். வாளித் தண்ணீரில் வளையம் வளையமாக நடுக்கம். அப்போதுதான் இந்த ஊரில் மலையே கிடையாதே என்று உறைத்தது. மாமா லுங்கியோடு ஓடி வந்து, "உள்ள வா மாப்ள, வானத்தப் பாத்துக்கினு நிக்காத" என்று இழுத்துப் போனார். யார்டின் மதிலுக்கு அந்தப் பக்கம் கடற்படை தன் கப்பல்களைக் கட்டி வைக்கிற ஜெட்டி. அங்கே நின்ற போர்க்கப்பல்கள் மேல் யாரோ சொல்லாமல் கொள்ளாமல் அடித்துவிட்டார்கள். யார் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அதனால் எல்லோருக்கும் எல்லோர் மேலும் சந்தேகம்.

அன்று மதியமே எங்களில் இருபது பேரை எடுத்து, ஜன்னலுக்குத் திரை போட்ட பஸ்ஸில் மதிலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். இறங்கியதும் பைகளைத் தடவினார்கள். எங்களோடு வந்த ஒருவன் பையில் சின்ன ரேடியோ இருந்தது. பாட்டுக் கேட்கிற ரேடியோதான். அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். சாயங்காலம் வரைக்கும் அவன் வரவில்லை. இதை நினைவில் வையுங்கள், நான் சாக்குக்காகச் சொல்லவில்லை, ஆனால் அந்த ஜீப் அன்று முழுக்க என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மூன்று கப்பல்கள். ஒன்று தண்ணீருக்குள் போய்விட்டது, மேலே கம்பம் மட்டும் தெரிந்தது. இன்னொன்று புகைந்துகொண்டிருந்தது, யாரையும் கிட்டே விடவில்லை. மூன்றாவது, இடது பக்கம் ஓட்டை விழுந்து, சுமை ஒரு தோளில் ஏறின ஆள் மாதிரி சாய்ந்து நின்றது. அதைக் காப்பாற்ற முடியுமா, இழுத்துக்கொண்டு போய் ரிப்பேர் மேடையில் ஏற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். எந்தத் தகடு கிழிந்தது, எந்த இரும்புச் சட்டம் வளைந்தது, எந்த அறை தண்ணீரைத் தாங்கும் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துச் சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். சேதம் பார்ப்பது என்றால் அவ்வளவுதான் வேலை. பெரிய படிப்பு வேண்டாம். காது வேண்டும், சாக்பீஸ் வேண்டும்.

மாமாவுக்கு அந்தக் காது இருந்தது. சின்னச் சுத்தியலால் மூன்று தட்டு தட்டுவார். நல்ல தகடு கணீரென்று பதில் சொல்லும். விரிசல் விட்டதும், பின்னால் தண்ணீர் ஏறி நிற்பதும் மொத்தென்று கேட்கும். ஒரு சுவர் வளைந்திருந்தால் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் குறி போட வேண்டும். அதற்கு எங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அவர் மூன்று தட்டுவார். சத்தம் வந்த இடத்தைக் கண்டுபிடித்து இந்தப் பக்கத்திலிருந்து நான் ரெண்டு தட்டுவேன். கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் இருவரும் சாக்பீஸால் வட்டம் போடுவோம். பிறகு கேஜை வைத்துத் தகட்டின் கனம் பார்ப்பார், கைக்கு அடங்குகிற சின்ன மிஷின் அது. நம்பரை அவர் சொல்ல நான் நோட்டில் எழுதுவேன்.

அந்தக் கப்பலுக்குள் இறங்கியதை எப்படிச் சொல்வேன். சுவர் எல்லாம் சாய்ந்து இருக்கிறது, ஆணியில் மாட்டிய துண்டு மட்டும் நேராகத் தொங்குகிறது, அதனால் துண்டுதான் சுவரை விட்டு விலகிக் காற்றில் நிற்கிற மாதிரி இருக்கும். கருகின பெயின்ட் நாற்றம், டீசல் நாற்றம். முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீரில் ஒற்றைச் செருப்பு மிதந்து வந்து என் காலில் இடித்தது. எங்கோ தூரத்தில் இரும்பு தானாக முனகும். மாமா வழக்கமாகப் பயமான இடத்தில் தெலுங்கில்தான் பேசுவார். "ஏம் காதுலே மாப்ள, ஏம் காது" என்பார், ஒன்றும் ஆகாது என்று. அன்று அதைச் சொல்லவே இல்லை. ஒரே ஒரு முறை, நான் ஏணிக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, "ஏணிய கல்யாணம் பண்ணிக்கினியா? என் தங்கச்சிக்கு இன்னா பதில் சொல்றது?" என்றார். சிரிப்பு வரவில்லை. ஆனால் கை விட்டது.

கடைசியாக வலது பக்கத்தின் அடி அறை. கப்பல் இடது பக்கம் சாய்ந்திருப்பதால், வலது பக்க அறையில் வேண்டுமென்றே தண்ணீர் விட்டு நிரப்பினால் கப்பல் நிமிரும். ஆனால் அந்த அறை நல்லபடியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் விட்ட தண்ணீர் வேறெங்காவது போய்ப் புகும். அதைத்தான் நாங்கள் இருவரும் பார்த்தோம். அறை நடுவில் பாதி வரைக்கும் ஒரு தடுப்பு. தட்டினோம், கேட்டோம், எழுதினோம். தகடு நன்றாக இருந்தது. "ஏறு மாப்ள" என்றார். எனக்கு அந்த வார்த்தை போதும். மேலே தெரிந்த வெளிச்சத்தை மட்டும் பார்த்து ஏறினேன். அவர் பூட்ஸ் கீழ்ப் படியில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. பின்னாலேயே வருகிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. வாயை விட்டு வெளியே வந்ததும் பலகையில் 47, 48 இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. கை தானாகப் போனது. இரண்டையும் ஒரே பிடியில் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டேன். கால்வாய் மேட்டில் அள்ளின மாதிரியே. காவல் ஆள் அந்த நேரம் காற்றுக் குழாயைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியிருந்தான்.

மாமா கீழ்ப் படியில் கால் வைத்ததும், தடுப்புக்கு அந்தப் பக்கம் கேஜை வைத்துவிட்டு வந்தது நினைவு வந்து திரும்பிப் போயிருக்கிறார். எனக்குத் தெரியாது. நான் இருபது அடி தள்ளிப் போய்த் தண்ணீர் குடித்தேன். பக்கத்தில் ஜெனரேட்டர் கத்திக்கொண்டிருந்தது. முகம் கழுவினேன். மாமா பக்கத்தில் வந்து நிற்க வேண்டிய நேரம் ஆகியும் வரவில்லையே என்று திரும்பினேன். காவல் ஆள் காலிப் பலகையைப் பார்த்துவிட்டு, வாய்க்குள் ஒரு குரல் கொடுத்துவிட்டு மூடியைப் போட்டிருந்தான். போல்ட் எல்லாம் முறுக்கியாகிவிட்டது. எங்கள் ஃபோர்மேன் கை காட்ட, யாரோ தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். குழாய் அதிர்வது காலுக்குத் தெரிந்தது. பையில் கை விட்டேன். இரண்டு டோக்கன்.

ஓடி மூடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அப்போது கேட்டது. மூன்று தட்டு.

இனி எழுதப்போவதை உங்கள் அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை. அந்த மூன்று தட்டு எனக்குத் தெளிவாகக் கேட்டது. மற்றவர்களுக்கு அது முனகுகிற இரும்பு. எனக்கு அது மாமா. வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. எனக்கு இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். பையில் இன்னொருவன் டோக்கன். உள்ளே ஆளை வைத்து மூட வைத்தவன் இவன்தான் என்று ஜீப்பில் ஏற்றுவார்கள், ரேடியோக்காரன் மாதிரி. பாஸ்போர்ட் அவர்கள் கையில். நான் யாரென்று சொல்ல அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? இருக்கிற ஒருவர் மூடிக்குக் கீழே இருக்கிறார். இரண்டாவது முறை மூன்று தட்டு. அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தேன். கை பையிலேயே இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்படி இல்லை, நாக்கு நன்றாகத்தான் இருந்தது. நான்தான் பேசவில்லை.

மூன்றாவது முறை தட்டியபோது சத்தம் மாறியிருந்தது. மொத். தகட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஏறினால் வருகிற சத்தம். மதியத்திலிருந்து அந்தச் சத்தத்துக்கு வட்டம் போட்டுக்கொண்டிருந்த கை, என்னைக் கேட்காமல் சுத்தியலைத் தூக்கி மூடிமேல் ரெண்டு தட்டு தட்டிவிட்டது. ஃபோர்மேன் திரும்பினார். "இன்னாடா பண்ற?" என்றார். "உள்ள ஆள் இருக்கு சார்," என்றேன். வாய்க்கு முன்னால் கைதான் சொன்னது. இதை நான் எனக்குப் பெருமையாகச் சொல்ல முடியாது.

போல்ட்டைக் கழற்றின நேரம் எவ்வளவு என்று தெரியாது. மூடியைத் தூக்கியபோது ஏணியின் மேல்படியில், கழுத்து வரை எண்ணெய்த் தண்ணீரில், சுத்தியலைப் பிடித்தபடி இருந்தார். இன்னொரு கையில் கேஜை நனையாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். தூக்கிப் போட்டதும் கறுப்பாக வாந்தி எடுத்தார். கடற்படை ஆபீசர் வந்துவிட்டார். கொக்கி ஏன் காலியாக இருந்தது என்று கேட்டார். காவல் ஆள் பலகையைக் காட்டினான். ஃபோர்மேன் என்னைப் பார்த்து, "உன்னோடது எங்க?" என்றார். பைக்குள் கட்டை விரலால் எண்ணைத் தடவினேன். ஏழா, எட்டா? ஏழை எடுத்தால் முடிந்தது. தடவித் தடவி எட்டை எடுத்துக் காட்டினேன். மாமா படுத்தபடியே என் பையைப் பார்த்தார். இன்னொன்று உள்ளே கிலுங்கியது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அவ்வளவு காது அவருக்கு.

"என் டோக்கன நான்தான் எடுத்தேன் சார்," என்றார். "எடுத்த பின்னாடி கேஜு ஞாபகம் வந்து மறுபடி எறங்கினேன். மாட்டல. தண்ணியில வுழுந்துடுச்சு."

ஒரு வாரத்தில் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பெட்டி கட்டும்போது அழுதேன். "ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போனா துன்றதுக்கு வழி இன்னா? நீ இரு. அந்த வில்லைய தூக்கிப் போட்டுடாத, அடுத்த வாட்டி வரும்போது எனக்கு வோணும்," என்று சிரித்தார். பெட்டியைப் பூட்டிவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஒன்று கேட்டார். "மொத வாட்டி தட்டுனப்போ உனக்குக் கேக்கலியா மாப்ள?"

"கேக்கல மச்சான்," என்றேன்.

"மிஷின் சத்தம்," என்று அவரே சொல்லித் தலையை ஆட்டிக்கொண்டார்.

நான் அங்கே இன்னும் பல வருஷம் இருந்தேன். இந்த வீடு, உங்கள் படிப்பு எல்லாம் அதில் வந்தது. அவர் வரதய்யபாளையம் பக்கத்தில் குத்தகைக்கு நிலம் பிடித்து வேர்க்கடலை போட்டார். டோக்கனை எடுத்துவிட்டு உள்ளே இறங்கி வெளிநாட்டு வேலையைத் தொலைத்த ஆள் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். டோக்கன் மாமா என்று நீங்களும் கூப்பிட்டீர்கள். அவரும் இன்னாடா என்று திரும்பினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன். காரியத்தன்றைக்குப் பந்தியில்கூட ஒருவர் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார். அத்தை எழுந்து உள்ளே போனார்.

அவர் எப்போதும் வாசலில் கட்டில் போட்டுப் படுப்பார், மார்கழிப் பனியிலும். பஸ்ஸில் படியிலேயே நிற்பார். பக்கத்தில் கம்பெனிகள் வந்தபோது வாட்ச்மேன் வேலை தேடி வந்தது. கண்ணாடிக் கூண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். நாம் இதையெல்லாம் அவர் குணம் என்று விட்டுவிட்டோம். பெரியவனுக்கு ஞாபகம் இருக்கலாம், சின்னவளுக்கு முடி இறக்கத் திருமலைக்குப் போனோமே. தரிசனத்துக்குக் காத்திருக்கிற கூடத்தில் நம்மை உட்கார வைத்து, வழக்கம்போலக் கம்பிக் கதவைச் சாத்திப் பூட்டினார்கள். கோவிந்தா என்று கூட்டம் சொல்லிக்கொண்டிருந்தது. மாமா எழுந்து போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார். சட்டை முழுக்க வேர்வை. விரலில் இருந்த இரும்பு மோதிரத்தால் கம்பியில் மூன்று தட்டு தட்டினார். நான் சனத்தை மிதித்துக்கொண்டு ஓடினேன். வீட்டுச் சாவியால் அடுத்த கம்பியில் ரெண்டு தட்டு தட்டினேன். என்னைத் திரும்பிப் பார்த்தார். மூச்சு மெல்ல இறங்கியது.

"இப்ப மட்டும் கேக்குதா உனக்கு?" என்றார்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நீங்களும் சிரித்தீர்கள். அவரும் சிரித்தார். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் இருந்தது, அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எவ்வளவோ பேசினோம். நெஞ்சு வலி என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட, ஜன்னல் பக்கம் படுக்கை வாங்கிக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். கேட்டது மச்சான், மூன்று வாட்டியும் கேட்டது என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். சிப்பாய் யாரும் அங்கே இல்லை. ஆனாலும் பயம். கப்பலில் இருந்த அதே பயம்தான், ஆனால் இந்த முறை அவர் முகத்தை நினைத்து.

நேற்று சாயங்காலம் எங்கே போனீர்கள் என்று உங்கள் அம்மா கேட்டாள். மாமாவின் நிலத்துக்குப் போனேன். தனியாகத்தான். அவருடைய மோட்டார் கொட்டகையைப் பார்த்திருப்பீர்கள், அதற்குக் கதவு கிடையாது. இரும்புக் கதவு இருந்ததைக் கழற்றி வாய்க்கால் மேல் பாலமாகப் போட்டுவிட்டார். இரும்பு நிலையும், கதவு தொங்கின கொக்கியும் மட்டும் இருக்கின்றன. பையிலிருந்து 47ஐ எடுத்து, துணியால் துடைத்து, அந்தக் கொக்கியில் மாட்டினேன். உள்ளே அவருடைய ஸ்பேனர் வைத்த இடத்திலேயே இருந்தது. அதை எடுத்து நிலையில் ரெண்டு தட்டு தட்டினேன். கரன்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. சத்தம் நன்றாகவே கேட்டது.